ஆரவல்லி: 90 மீட்டர் குன்று மலை இல்லையா? வரைபடக் கோடு ஏன் இவ்வளவு முக்கியம்?

குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக டெல்லி வரை சுமார் 650 கி.மீ. நீள்கிறது ஆரவல்லி மலைத்தொடர். இதில் எது மலை, எது வெறும் மேடு என்பதில்தான் இப்போது மொத்தச் சண்டையும். மலை என்றால் பாதுகாப்பு. மேடு என்றால் சுரங்கம் வரலாம்.

என்ன நடந்தது?

2025 நவம்பர் 20-ல், மத்திய அரசின் குழு தந்த வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுற்றியுள்ள நிலத்தைவிட 100 மீட்டராவது உயர்ந்திருந்தால்தான் அது ஆரவல்லி மலை. கடும் எதிர்ப்பு கிளம்பியதால், டிசம்பர் 29-ல் அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது.

உயரத்தை எப்படி அளப்பது?

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சம உயரக் கோடு. ஒரு குன்றை முழுசாகச் சுற்றிவரும் மிகத் தாழ்ந்த கோடுதான் அதன் அடிவாரம் என்றது குழு. அங்கிருந்துதான் 100 மீட்டர் கணக்கு.

சிக்கல் எங்கே?

உதாரணமாக, ஒரு குன்று ஒருபக்கம் 150 மீட்டர் இறங்குகிறது. மறுபக்கம் பெரிய மலையோடு ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டும் இடத்துக்கு மேலேதான் அதைத் தனியாகச் சுற்றும் கோடு தொடங்கும். அப்போது கணக்கில் 70 மீட்டர்தான் வரலாம்! குன்று அப்படியேதான் இருக்கும். தாளில் மட்டும் குட்டையாகிவிடும்.

அரசு என்ன சொல்கிறது?

100 மீட்டருக்குக் கீழே உள்ள எல்லா இடத்திலும் சுரங்கம் என்று அர்த்தமில்லை என்கிறது மத்திய அரசு. தகுதிபெற்ற மலையின் அடிவாரச் சரிவும், 500 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு மலைகளுக்கு இடைப்பட்ட நிலமும் பாதுகாப்பில் வரும் என்பது அதன் விளக்கம்.

சின்னக் குன்றுகள் ஏன் முக்கியம்?

மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதும், தார் பாலைவன மணலைத் தடுப்பதும், சிறுத்தைகளுக்கு வழிவிடுவதும் இவைதான். இழப்பும் புதிதல்ல. ராஜஸ்தானில் ஆய்வு செய்த 128 குன்றுகளில் 31, 1967-68க்குப் பிறகு காணாமல் போனதாக 2018-லேயே உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

ஆக, கேள்வி 100 மீட்டரா 90 மீட்டரா என்பது அல்ல. மலையை உயரத்தால் மட்டும் அளப்பதா, அது செய்யும் வேலையாலும் அளப்பதா என்பதுதான். கோட்டைத் திருத்தி வரையலாம். உடைத்த குன்றைத் திரும்ப வைக்க முடியாது.