எங்கட வாவி நண்டு கொழும்பில் என்ன விலை?

பதிவு கொஞ்சம் நீளம். நண்டு யாவாரம் செய்கிற சகோதரர்கள் கட்டாயம் கடைசி வரை வாசிக்கவும்.

போன மாதம் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் மூன்று நாள் செயலமர்வு. நாங்களும், தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்த கூட்டாளியும் போயிருந்தோம். அவள் படுவான்கரைப் பக்கம். அப்பா வாவியில் நண்டு பிடிக்கிறவர். கல்லூரியில் பருப்பும் சோறும் தின்ற காலத்தில் ஒரு பேச்சு வைத்திருந்தோம்: நிலுவைச் சம்பளம் கிடைத்தால் கொழும்பில் துணி நெப்கின் வைக்கிற ஒரு கடையில் ஒரு நாள் சாப்பிடுவது. நிலுவை வந்தது, செலவாகிப் போனது, பிள்ளைகளும் பிறந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகி இந்தத் தடவைதான் வாய்த்தது.

கடையின் பெயர் வேண்டாம். 2019க்குப் பிறகு அபாயாவோடு அப்படியான இடத்துக்குள் ஏறுவதற்கு எங்களுக்கு இன்னும் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாசலில் நின்ற தம்பி மரியாதையாகக் கூட்டிப்போய் யன்னலோர மேசையில் இருத்தினார். மெனுவில் வைன் பட்டியல் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அதனால் எங்கட இறாலுக்குப் போடுகிற சோஸில் வைன் சேருமா, சட்டி வேறா என்று கேட்டோம். அவர் குசினிக்குள் போய்க் கேட்டு வந்து, எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். கேட்டால் சொல்கிறார்கள். வெட்கத்தில் கேட்காமல் தின்றுவிட்டு வந்து ஊரில் கதை சொல்கிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

நண்டு அவளுக்கு மட்டும். நாங்கள் ஷாபிஈ வீட்டில் வளர்ந்தவர்கள். உம்மம்மா இருந்த வரைக்கும் நண்டு வாசலும் மிதிக்கவில்லை, அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. சாப்பிடுகிறவர்களோடு இங்கே மசாலா பேச வரவில்லை.

மெனுவில் "வாவி நண்டு" என்று இருந்தது. எந்த வாவி என்று இல்லை. கேட்டதற்கு, புத்தளத்திலிருந்தும் வரும், மன்னாரிலிருந்தும் வரும், மட்டக்களப்பிலிருந்தும் வரும் என்றார் தம்பி. நண்டு வந்ததும் இவள் ஓடு உடைக்கிற இடுக்கியை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே காலைக் கழற்றத் தொடங்கினாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் இரண்டு பேர் தங்கட இடுக்கியை வைத்துவிட்டு இவளைப் பார்த்துப் படித்தார்கள். டீச்சர் எங்கே போனாலும் டீச்சர்தான்.

பிறகு பில். 10 வீதம் சேவைக் கட்டணம், அதுக்கு மேலே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற். மெனுவில் 100 ரூபா என்று பார்த்தது கையை விட்டுப் போகும்போது 129 ரூபா 80 சதம். போகிறவர்கள் இதை முதலே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இவள் போனை எடுத்து வேறு கணக்கொன்று பார்த்தாள். அந்தக் கிழமை அப்பா அதே அளவு நண்டை யாவாரிக்கு என்ன விலைக்குக் கொடுத்தார், இங்கே என்ன விலை. ஆறு மடங்குக்கு மேலே வந்தது.

கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்ல வரவில்லை. வாடகை இருக்கு, சம்பளம் இருக்கு, உயிரோடு கொண்டு வருகிற நண்டில் வழியிலே சாகிறதும் இருக்கு. சிங்கப்பூரில் பேர்போன மிளகாய் நண்டுக்கு இலங்கை நண்டு போய்க்கொண்டிருப்பது பழைய கதை. நல்லதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்றுதான் 2011இல் தர்ஷன் முனிதாசவும் நம்ம மஹேலவும் சங்கக்காரவும் சேர்ந்து, கோட்டையில் ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் "மினிஸ்ட்ரி ஒஃப் கிரேப்" கடையைத் திறந்தார்கள். அங்கே நண்டு அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போகிறது. அரைக் கிலோவுக்குக் குறைந்தது மேசைக்கு வராது.

இனி நம்ம பக்கம் வாருங்கள். உள்ளங்கையளவு நண்டைக் கோர்வையாகக் கட்டிச் சந்தையில் தொங்கவிட்டிருக்கிறதை யார் காணவில்லை? சினை நண்டுக்குத் தனிக் கிராக்கி வேறு. களப்பு நண்டின் பெட்டை முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. குஞ்சு முகத்துவாரத்தால் திரும்ப உள்ளே வந்து கண்டலுக்குள்ளே வளர்கிறது. நாம் கண்டலையும் வெட்டி, சினையையும் பிடித்து, குஞ்சையும் விற்றால் 56 கிலோமீற்றர் நீளமான வாவி இருந்தும் என்ன மிஞ்சும்? சில மாதம் தண்ணிக்குள்ளேயே விட்டால் அதே நண்டு பாரத்திலும் கூடும், கிலோ விலையிலும் கூடும். வட்டியில்லாமல் வளர்கிற காசு அது.

இதை இவளிடம் சொன்னபோது சிரித்தாள். "அப்பா சின்னதை விட்டா அடுத்த தோணிக்காரன் பிடிப்பான் புள்ள. அவனிட்ட வாங்க ஆள் இருக்கே. பிடிக்கிறவனுக்குப் பாடம் எடுக்காம முதல்ல வாங்குறவனை நிப்பாட்டச் சொல்லு."

வாங்குறவன் யார்? அதில் நம்ம ஆக்களும் இருக்கிறார்கள். நண்டை வாயில் வைக்காதவர்கள் கூட யாவாரத்தில் இருக்கிறார்கள். வலைக்கும் தோணிக்கும் முற்பணம் கொடுத்தால், அந்தக் கடன் தீரும் வரை மீனவர் வேறு ஆளுக்கு விற்க ஏலாது, சொன்ன விலைதான் விலை. அதுக்குள்ளே "கயிற்றுப் பாரம்" என்று ஒவ்வொரு நண்டிலும் ஒரு கழிவு. அதே கயிற்றோடு கொழும்பில் நிறுத்து விற்கும்போது அந்தக் கழிவு எங்கே போகிறது? சூறா அல்முதஃப்பிஃபீனைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிற சமூகம் நாம். இவள் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சும்மா சொன்னாள். எங்களுக்குத்தான் முகம் சுட்டது.

ஊரில் நண்டு வாங்கி அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இருந்து பேசினால் முடிகிற விஷயம். அரைக் கிலோவுக்குக் குறைந்ததையும் சினையையும் ஒருத்தரும் எடுப்பதில்லை, பெரியதுக்கு விலையைக் கூட்டிக் கொடுப்பது, கயிற்றுக் கழிவை விடுவது. எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் ஒருத்தருக்கும் நட்டமில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் மீனவர் வீட்டில் கஷ்டம் வரும், அதுக்கு முற்பணத் தவணையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். மீனவர் சங்கங்களையும் கூப்பிட்டு இருத்திப் பேச வேண்டும். இது இரண்டு சமூகமும் ஒரே தராசில் நிற்கிற தொழில்.

இரவு பஸ்ஸில் வரும்போது இவளுடைய அப்பா கோல் எடுத்தார். நண்டு எப்படி என்று கேட்டார். நல்லம் என்றாள். விலையைச் சொல்லவில்லை.

யாவாரம் செய்கிறவர்கள் எங்கட கணக்கில் பிழையிருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். கயிற்றுக் கழிவு எத்தனை கிராம் என்பதையும் எழுதுங்கள்.