மரபணு சொல்லும் ஆயுளும் மலைப்பாதை தீர்மானிக்கும் ஆயுளும்

கல்லீரல் புற்றுநோயாளி எத்தனை காலம் வாழக்கூடும் என்பதை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு முன்கணிக்க முயல்கிறது இன்றைய மருத்துவ அறிவியல். ஒரு திசுவில் எந்த மரபணுக்கள் எந்த அளவு செயல்படுகின்றன என்பதை ஆர்.என்.ஏ. அளவின் மூலம் அறிவதே இம்முறை. 2008இல் வெளியான ஆய்வொன்று, கட்டியைச் சூழ்ந்த கல்லீரல் திசுவிலுள்ள 186 மரபணுக்களின் செயல்பாட்டுக்கும் நோயாளியின் ஆயுளுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. ஜப்பானிய நோயாளிகள் 82 பேரின் திசுக்களில் கண்டறியப்பட்ட அந்த அடையாளம், அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகள் 225 பேரின் திசுக்களில் சரிபார்க்கப்பட்டது.

இந்த அறிவியலை நாம் வரவேற்கிறோம். ஆயினும், அத்திசுக்கள் எவருடையவை என்றும் கேட்கிறோம். அவை அறுவை சிகிச்சை வரை சென்றடைந்தவர்களின் திசுக்கள். அங்கே சென்றடையாதவர்கள் கணக்கிலேயே இல்லை.

தேவாரத்திலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களில் பலர் தலித் பெண்கள். சாக்குலூத்துமெட்டு வழியே சாலை வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருப்பதால், போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றியே அவர்கள் மலையேறுகிறார்கள். மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கூலி இழக்கும் நாள். தொடக்கத்தில் வலியே காட்டாத ஒரு நோய் இத்தகைய வாழ்வில் முற்றிய பிறகே வெளிப்படுகிறது. அவர்களின் ஆயுளை மரபணுவுக்கு முன்பே கூலியும் தொலைவும் கணித்துவிடுகின்றன.

இந்நோயின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றான ஹெபடைட்டிஸ் பி தடுக்கக்கூடியது. அதற்கான தடுப்பூசி 2002இல் சோதனை முறையிலும் 2011இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இன்று தோட்டத்தில் உழைக்கும் நடுவயதினர் அதற்கு முந்தைய தலைமுறையினர். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழிவகுத்துள்ளது. அது ஜீப் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டமே கடமையாக்கியது. ஏலத்தோட்டமும் அதன் வரம்புக்குள் வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை மறுக்கப்படுவது 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்று 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில எல்லையைக் காரணம் காட்டி இரு அரசுகளும் இப்பொறுப்பிலிருந்து விலக முடியாது.

ஆகவே நாம் கோருவன இரண்டு: மலையடிவார ஊர்களில் விடுமுறை நாள்களில் ஹெபடைட்டிஸ் பரிசோதனை முகாம், அரசு நிதியில் நடைபெறும் புற்றுநோய் மரபணு ஆய்வுகளில், முழு ஒப்புதலோடும் சிகிச்சை உறுதியோடும் நம் மக்களுக்கும் இடம். திசுவை மட்டும் பெற்றுக்கொண்டு சிகிச்சையை மறுக்கும் அறிவியலை நாம் ஏற்க இயலாது.