தடைப் பலகை நீச்சல் கற்றுத் தராது

கோடை விடுமுறை தொடங்கிய சில நாட்களிலேயே அந்தச் செய்தி வந்துவிடுகிறது. ஆற்றுக்கோ ஏரிக்கோ கல்குவாரிக் குட்டைக்கோ குளிக்கப் போன பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று பேர், சில சமயம் ஒரே குடும்பத்தில் அண்ணன் தங்கை இருவரும். ஊரின் பெயரும் வயதும்தான் மாறுகின்றன. இரங்கல் அறிக்கை வரும், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும், கரையில் ‘இங்கு குளிக்கத் தடை’ என்று ஒரு பலகை நடப்படும். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. அத்தனை சாவுக்கும் நம்மிடம் உள்ள முதன்மையான பதில் அந்தப் பலகைதான் என்றால், அது போதாது என்று இந்த ஏடு கருதுகிறது.

ஐம்பதைக் கடந்தவர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, “நாங்களெல்லாம் கிணற்றிலேயே கிடந்து வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?” என்கிறார்கள். அந்த ஏக்கத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஏழெட்டு வயதில் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, பம்புசெட்டுக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். கயிற்றின் மறுமுனை படியில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் கையிலோ சித்தப்பாவின் கையிலோ இருக்கும். சில நாளில் குடுக்கை அவிழும், பிறகு கயிறும் அவிழும். அதற்குப் பின் மேட்டிலிருந்து குதிப்பது, பல்டி அடிப்பது, மூச்சடக்கி உள்நீச்சல் போய் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிவந்து காட்டுவது என்று மே மாதம் முழுக்கக் கிணற்றிலேயே கழியும். கண் சிவந்து வீடு திரும்பினால் அடி விழும்; மறுநாளும் போவார்கள். எந்தப் பெற்றோரும் அதற்கு அனுமதிச் சீட்டு கொடுத்ததில்லை.

ஆனால் அந்தச் சுதந்திரம் காவல் இல்லாத சுதந்திரமாக இருந்ததில்லை. தண்ணீர் பாய்ச்சுகிறவர் வரப்பில் நின்றிருந்தார். துணி துவைக்கும் பெண்கள் தொட்டியடியில் இருந்தார்கள். பெரிய பையன்கள் சின்னவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் படியில் பாசி வழுக்கும், எத்தனை ஆள் ஆழம், எந்தப் பக்கம் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கிணற்றில் குளிக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தும் பிள்ளைகள் மூழ்கினார்கள். ‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல இன்று இருப்பவர்கள் கரையேறியவர்கள் மட்டுமே.

அந்தக் கிணறு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் நினைவுகூர்வோர் மறந்துவிடக் கூடாது. பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகவே 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு ஊர்களிலும் கிணறுகளும் குளத்துப் படித்துறைகளும் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டிருந்தன. தடை செய்யப்பட்ட கிணற்றில் குதித்ததற்காக உதைபட்ட பிள்ளைகளின் கதையை இந்த ஏக்கத்தில் யாரும் சேர்ப்பதில்லை. பெண் குழந்தைகளுக்கோ வயதுக்கு வந்ததும் நீச்சல் முடிந்துபோகும். பலருக்கு அது தொடங்கியதே இல்லை. துவைக்கப் போன இடத்தில் தவறி விழுந்த குழந்தையைப் பிடிக்க இறங்கிய தாயும் சேர்ந்து மூழ்குவதற்கு இது ஒரு காரணம். ஆகவே பழைய காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தாத்தாவுக்குப் பீடி வாங்கிவரக் குழந்தையை அனுப்பியது போனது, நல்லதே. பன்னிரண்டு வயதுப் பையன் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதையும் நாம் வரவேற்கிறோம். நீச்சல் அந்த வரிசையில் சேர்வதில்லை. பீடி வாங்கத் தெரியாததால் எந்தக் குழந்தையும் செத்ததில்லை.

இடையில் மாறியது பிள்ளைகளின் துணிச்சலோ பெற்றோரின் பாசமோ அல்ல, நீர்நிலைகளே மாறிவிட்டன. ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கியதும் திறந்தவெளிக் கிணறுகள் வற்றின, பல குப்பைக்குழிகளாகிவிட்டன. ஆற்றில் கரையிலிருந்து மெல்லச் சரிந்து ஆழமாகும் மணற்படுகை இருந்தது. இடுப்பளவில் நின்று குளித்துவிட்டு வரலாம். மணல் அள்ளப்பட்ட இடத்தில் அந்தச் சரிவு இல்லை. முழங்கால் நீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குள் போய்விடுகிறது. ஏரியில் சவுடு மண் எடுத்த பள்ளமும் அப்படித்தான்: இயந்திரம் வெட்டிய செங்குத்துச் சுவர், கலங்கிய நீர், மேலே எந்த அடையாளமும் இல்லை. கைவிடப்பட்ட கல்குவாரியில் கால் வைக்கப் படியே கிடையாது. பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டையின் ஓரம் வழுக்குவதால், நீந்தத் தெரிந்தவர்கூட ஏறிவர முடியாமல் தவிக்கிறார். தாத்தா குளித்த ஆறு என்று நம்பிப் பேரன் இறங்குகிறான். அது அந்த ஆறு அல்ல.

இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பிள்ளைகள் அல்லர். பள்ளத்தைத் தோண்டியவர் குத்தகைதாரர், அனுமதித்தது நிர்வாகம். தண்டனை மட்டும் குழந்தைகளுக்கு, குளிக்கத் தடை என்ற வடிவில். அந்தத் தடையும் பலிப்பதில்லை. சித்திரை வெயிலில் பள்ளி மூடியிருக்கும்போது, ஊருக்குப் பக்கத்தில் தண்ணீர் கிடக்கும்போது, பிள்ளைகள் அங்கே போகத்தான் செய்வார்கள். முன்பு கிணற்றடியில் இருந்த பெரியவர்கள் இப்போது அங்கே இல்லை; நீந்தத் தெரிந்த அண்ணன்மாரும் குறைந்துவிட்டார்கள். தடை இருப்பதால் பிள்ளைகள் சொல்லாமல் போகிறார்கள். சொல்லாமல் போன இடத்தில் உதவிக்குக் கூப்பிட ஆளில்லை.

வேறு நாடுகள் இதே துயரத்திலிருந்து வேறு பாடம் எடுத்தன. 1955 மே மாதம் ஜப்பானில் ஷியுன் மாரு என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 100 பேர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள். அதன் பிறகு அந்நாட்டுப் பள்ளிகளில் நீச்சல் பாடமாகப் பரவியது, பள்ளி வளாகங்களில் குளங்கள் கட்டப்பட்டன. ஜப்பானிடம் பணம் இருக்கிறது என்று சொல்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கட்டும். அங்கே ஊர்க்குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, அடைப்பு போட்டு, உள்ளூர் இளைஞர்களையே பயிற்சியாளர்களாக்கிக் குழந்தைகளுக்குக் கற்றுத் தருகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், மிதக்க வேண்டும், நீரில் இறங்காமல் கழியை நீட்டி அடுத்தவரை மீட்கத் தெரிய வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பதை உலக சுகாதார நிறுவனமும் முக்கியத் தடுப்பு நடவடிக்கைகளில் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது.

நீரில் இறங்காமல் மீட்கும் பாடத்தின் மதிப்பு நமக்குத் தெரியாததல்ல. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்துச் சிறப்பித்தது. ஒருவரைக் காப்பாற்றக் குதித்து அடுத்தவர், அவரைக் காப்பாற்றக் குதித்து இன்னொருவர் என்று நம் ஊர்களில் ஒரே இடத்தில் மூன்று நான்கு உயிர்கள் போகின்றன. ‘குதிக்காதே, கயிறோ துணியோ கழியோ எறி’ என்ற ஒரு வரியை ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லித்தர ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

எனவே நாம் கேட்பது இது. அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும், ஆணும் பெண்ணும், ஐந்தாம் வகுப்பை முடிக்கும் முன் 25 மீட்டர் நீந்தவும் மல்லாந்து மிதக்கவும் கற்றிருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் கட்டணம் வாங்கும் நீச்சல்குளம் கிராமத்துப் பிள்ளைக்கு எட்டாது. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் ஒரு குளத்தையாவது தூர்வாரி, சுத்தம் செய்து, ஆழத்தை அளந்து, அடைப்பு கட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக இறங்கும் பயிற்சிக் குளமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கும்போது இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. பயிற்றுநர்களுக்கும் பஞ்சமில்லை: தீயணைப்பு மீட்புத் துறையில் ஓய்வு பெற்றவர்கள், மீனவ இளைஞர்கள், நீந்தத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெண் குழந்தைகளுக்குப் பெண்களே கற்றுத்தர ஏற்பாடு வேண்டும். இல்லையென்றால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

பள்ளம் தோண்டியவர்களின் பொறுப்பையும் விடக்கூடாது. குவாரி குத்தகை முடிந்ததும் வேலி போடுவதும், ஏரியில் மண் எடுத்தவர் கரையோரத்தைச் சரித்துச் சமன்செய்வதும் உரிமத்தின் கட்டாய நிபந்தனையாகி, அவற்றைச் செய்து முடித்த பிறகே வைப்புத்தொகை திரும்பத் தரப்பட வேண்டும். செய்யாத இடத்தில் ஒரு குழந்தை மூழ்கினால், அதை வெறும் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடக்கூடாது. அனுமதி தந்த அலுவலரும் தோண்டியவரும் பதில் சொல்ல வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு குளத்தைத் தேர்ந்தெடுக்கும் பணியை மழைக்காலத்துக்கு முன் தொடங்கினால், அடுத்த கோடை விடுமுறையின் முதல் நாளில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். பள்ளிக் கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் இதற்கான ஆணையை இந்தக் கல்வியாண்டிலேயே பிறப்பிக்க வேண்டும்.