இமயமலையில் ஒரு ஜாகை

பரீட்சைகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கே போவது என்பது முதற் கேள்வி. எங்கே தங்குவது என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு வாலிபர்கள் உற்சாகமாக விடை சொல்லுகிறார்கள். "இமயமலைக்குச் சென்று நாலு நாள் நடந்துவிட்டு வருகிறோம்" என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தேடப் புகும் தகப்பனார், ஹோட்டல் வாடகைகளைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். யாத்திரை அத்துடன் முடிவடைந்துவிடுகிறது.

அந்தத் தகப்பனாரை முன்னிட்டே இந்த வாரம் எழுதுகிறோம். உத்தராகண்ட் மாநிலத்துக் கர்வால் மலைகளில், நடக்கக் கால் உள்ளவனுக்குத் தங்க இடம் இல்லாமற் போனதில்லை. ஹரித்வாரத்திலிருந்து பத்ரிநாதம் வரையில் யாத்ரிகர்கள் கால்நடையாகவே சென்ற நாட்களில், வழி நெடுகச் 'சட்டி' என்னும் தங்குமிடங்கள் இருந்தன. பெயரைக் கேட்டுப் பானை சட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நினைத்தாலும் முழுத் தவறாகாது. கடைக்காரரிடம் மாவும் பருப்பும் வாங்கினால், சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் அங்கே வாடகையின்றிக் கிடைத்தன. கூரை புல் வேய்ந்தது. பல இடங்களில் கதவும் கிடையாது. 1918 முதல் 1926 வரையில் ருத்ரப்ரயாகைச் சூழ்ந்த பிரதேசத்தை நடுங்க வைத்த மனிதர் தின்னும் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய வரலாறு பிரசித்தமானது. அந்தப் பயங்கர வருஷங்களிலுங்கூட யாத்ரிகர் கூட்டம் நின்றுவிடவில்லை. 1962-ம் வருஷத்துச் சீன யுத்தத்திற்குப் பிறகு மோட்டார் சாலைகள் மலைமேல் ஏறின. சட்டிகள் மெல்ல மறைந்தன.

ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர், 1909-ல் மாணவர்களுடன் நடைப் பயணம் சென்றபோது புயல் மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். அன்றிரவு உதித்த யோசனையே 1912-ல் ஆல்டேனா கோட்டையில் நிலையான இளைஞர் விடுதியாகி, பின்னர் உலகெங்கும் பரவிற்று. அந்த நல்லாசிரியரைப் போற்றுகிறோம். ஆயினும், நடப்பவனுக்கு ஒரு கூரை கொடுப்பது ஊராரின் கடமை என்னும் எண்ணம் நமக்கு இரவல் சரக்கு அன்று. சத்திரமும் சாவடியும் கட்டிய நாடு இது.

சட்டிகள் போனாலும் அவற்றின் தர்மம் போகவில்லை. கறுப்புக் கம்பளி ஒன்றே உடைமையாகக் கொண்டிருந்த துறவி ஒருவர் தொடங்கிய பணி, ரிஷிகேசத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 'காலி கம்லிவாலா' தர்மசாலைகளாக யாத்திரை மார்க்கத்தில் இன்றும் நடைபெறுகிறது. ஹேம்குண்ட் சாஹிபுக்குச் செல்லும் வழியில் ரிஷிகேசம், ஸ்ரீநகர், ஜோஷிமட், கோவிந்த்காட், காங்கரியா ஆகிய இடங்களில் சீக்கியரின் குருத்வாராக்கள் உள்ளன. எம்மதத்தினராயினும் அங்கே படுக்க இடமும், லங்கரில் வயிறார உணவும் பெறலாம். தலையை மூடிக்கொள்ள வேண்டும். புகையிலையும் மதுவும் உடன் வரலாகாது. எவரும் கேளாத வாடகையை மனமுவந்து காணிக்கைப் பெட்டியில் சேர்ப்பது மரியாதை. பூக்களின் பள்ளத்தாக்கைக் காண விரும்புவோருக்கும் காங்கரியாவே ஜாகை. பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதி இல்லை. தர்மசாலை வேண்டாமென்பவருக்கு, கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் அரசாங்க ஸ்தாபனத்தின் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. அவற்றுட் சிலவற்றில் தனியறையன்றிப் பலர் சேர்ந்து படுக்கும் கூடமும் உண்டு. நாலு நண்பர்களுக்கு அதுவே போதும்.

இவற்றினும் நமக்குப் பிடித்தமானது கிராமத்து வீடு. உகிமட்டிற்கு அப்பால் சாரி என்றொரு சிற்றூர். அங்கிருந்து தேவரியா தால் என்னும் ஏரிக்குச் செங்குத்தான ஒரு பாதை ஏறுகிறது. ஏரியிலிருந்து காட்டு வழியே சோப்தாவை அடைந்து, 3,680 மீட்டர் உயரத்திலுள்ள துங்கநாதர் ஆலயத்தைத் தரிசிக்கலாம். சாரியில் பல குடும்பத்தார் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை விருந்தாளிகளுக்கு விடுகின்றனர். மடுவா ரொட்டி என்று அவர்கள் இடுவது நம் கேழ்வரகே. ஜங்கோரா என்பது நம் குதிரைவாலியே. பாஷை தெரியாவிட்டாலும் தட்டில் இருப்பது உறவு சொல்லும்.

அந்த அறைக்கு நாம் கொடுக்கும் பணத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. 2001-க்கும் 2011-க்கும் இடையே பௌரி, அல்மோரா ஆகிய இரு மலை ஜில்லாக்களின் ஜனத்தொகை குறைந்துபோயிற்று. வேலை தேடி வாலிபர்கள் சமவெளிக்கு இறங்கிவிட, பூட்டிய கதவுகளே எஞ்சிய கிராமங்கள் உத்தராகண்டில் உண்டு. ஒரு விருந்தாளி ஒரு வீட்டில் தங்கினால், அந்த வீட்டின் கதவு இன்னும் சில நாள் திறந்திருக்கும்.

இனிச் சில எச்சரிக்கைகள். மே, ஜூன் மாதங்களில் யாத்ரிகர் கூட்டம் மிகுதி. அந்தி சாய்ந்தபின் ஜாகை தேடுகிறவன் கேட்ட வாடகையைக் கொடுத்தே தீரவேண்டும். ஆகவே அதிகாலையில் புறப்பட்டு, நண்பகலுக்குள் அடுத்த இடம் சேர்ந்துவிடுவது நலம். பேரூரில் இடமில்லையேல் அதற்கு முந்திய சிற்றூரில் இறங்கிவிடலாம். ஜோஷிமட்டிற்கு முன்னால் பீபல்கோட்டி இருக்கிறது. ஜூன் பிற்பகுதியில் மழை தொடங்கினால் மண் சரிந்து சாலை அடைபடும். 2013 ஜூனில் கேதாரநாதத்தில் நேர்ந்த வெள்ளத்தை நாடு மறக்கவில்லை. எனவே, கையில் இரண்டு நாள் மிச்சமாக வைத்துக்கொள்க. நான்கு தாமங்களுக்கும் ஹேம்குண்டுக்கும் மாநில அரசாங்கத்தில் முன்கூட்டிப் பதிவு செய்வது அவசியம். உயரே போகப் போகக் காற்று மெலியும். தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறாமல் கீழே இறங்குவதே புத்தி. சொந்தமாக ஒரு கம்பளியுறை கொண்டுசென்றால் தர்மசாலைத் தரையும் மெத்தையாகும்.

குறைந்த செலவில் தங்குவதைப் பற்றிப் பேசுவது கஞ்சத்தனம் என்று சிலர் நினைக்கக் கூடும். அவர்கள் ஜோஷிமட்டைப் பார்க்கட்டும். பழைய மலைச்சரிவின் மண்மேல் அவ்வூர் அமைந்திருக்கிறது, பளுவான கட்டிடங்களைக் கட்டுப்படுத்துக என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எச்சரித்தது. எச்சரிக்கை ஏட்டில் கிடந்தது; கட்டிடங்கள் எழுந்தன. 2023 ஜனவரியில் 800-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் வெடிப்புக் கண்டன. குடும்பங்கள் கடுங்குளிரில் வீட்டை விட்டு வெளியேறின. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரு ஹோட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. காரணம் ஒன்றல்ல, ஆயினும் மலை தாங்காத பளுவும், வடிகாலின்றி மண்ணுள் இறங்கிய கழிவு நீரும் அக்காரணங்களில் சேர்ந்தவை. வெந்நீர்க் குழாயும் பால்கனியும் வேண்டுமென்று நாம் கேட்கக் கேட்க, மலை அவற்றைச் சுமக்கிறது.

எளிய ஜாகை நம் பைக்கும் இலேசு, மலைக்கும் இலேசு. இவ்வாறு இரு தரப்பிற்கும் நன்மையாக முடியும் சிக்கனம் உலகில் அதிகம் இல்லை. ஆதலால் தகப்பனார்கள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு விடை கொடுத்தனுப்பலாம். பிள்ளைகள் ஒன்று மட்டும் நினைவில் வைக்கட்டும்: படுத்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் புறப்படுங்கள், அடுத்தபடி அங்கே வந்து தங்குகிறவரும் நம்மவரே.