நாவல் படிப்பதும் ஒரு குற்றமா?

"நாட்டு நடப்பு இவ்வாறிருக்க, நீர் நாவல் படித்துக்கொண்டிருக்கிறீரே, இது முறையா?" என்று கட்சி ஊழியர் ஒருவர் அண்மையில் என்னை மடக்கினார். காணிப் பிணக்கு, எல்லைப் பிணக்கு, நெல்லின் விலை, பசளையின் விலை என்று மேடையேறிப் பேசவேண்டியவை மலையளவு குவிந்து கிடக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. குற்றச்சாட்டை மட்டும் மறுக்கிறேன்.

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879 இல் தந்த வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆறாண்டு கழித்து, 1885 இல், ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகிய 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெவ்வை கண்டியில் வழக்குரைத்தவர். 'முஸ்லிம் நேசன்' நடத்தி உறங்கிய சமூகத்தைத் தட்டியெழுப்பியவர். நம்மூருக்கு வந்தால், கல்முனையில் வாதாடி நாடாளுமன்றஞ் சென்ற அஷ்ரஃப் 'நான் எனும் நீ' என்று ஒரு கவிதைத் தொகுதியே வெளியிட்டார். சட்டமும் அரசியலும் இலக்கியத்துக்குப் பகையென்று இவர்களுள் எவரும் எண்ணியதில்லை. ஆகவே, அண்மையில் நான் படித்தவற்றைப் பற்றிக் கூச்சமின்றிச் சில சொல்லலாம்.

முதலில் துப்பறியும் நாவல்கள். கொழும்பு பஸ்ஸில் இரவைக் கழிக்க இவற்றைப் போல் துணை வேறில்லை. ஆயினும் இறுதி அத்தியாயம் எனக்குச் சிரிப்பூட்டும். இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கிக் குத்துகிறார்; எதிரி நடுநடுங்கிக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்; சுபம்! நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவோ, பொலிஸ் அதிகாரியிடம் கூறிய குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிராகச் செல்லாது என்கிறது. நாவல் முடியும் இடத்திலேதான் வழக்குத் தொடங்குகிறது.

சிரிப்பு அத்துடன் நின்றுவிடுகிறது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கூறியதைச் சான்றாக ஏற்கலாம் என்றது. அது வற்புறுத்திப் பெற்றதென்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையிலேயே ஏற்றியது. தமக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிட்டுச் சிறைசென்ற தமிழ் பேசும் இளைஞர் எத்தனை பேர்! 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலைகளைத் தொட்டுச் செல்லும் ஷோபாசக்தியின் 'ம்' (2004) என்ற நாவலைப் படித்தபின், மேசையில் குத்தும் இன்ஸ்பெக்டரை வேடிக்கைப் பாத்திரமாகக் காண என்னால் இயலவில்லை.

சரித்திர நாவல்களை விரைந்து கடக்கிறேன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னின் கதைப்பின்னலுக்கு இன்றும் நிகரில்லை. ஆனால், இளவரசர் குதிரையேறிச் சென்ற வழியின் இருமருங்கும் உழுதவன் யார், அவன் இறுத்த வரி எவ்வளவு என்று நம் வட்டைகளில் நிற்கும் ஒருவன் கேட்டால், ஐந்து பாகங்களிலும் கிடைக்கும் விடை மிகச் சுருக்கம்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) தமிழகத்து முஸ்லிம் ஊரொன்றின் அடைத்த கதவுகளுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறது. வீட்டார் முடிவுசெய்த மணத்துக்கு ஒரு பெண் தலைகுனியும் இடத்தில் நூலை மூடிவைத்து, நமது 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மணமகளின் கையொப்பத்தை அச்சட்டம் கட்டாயமாக்கவில்லை. திருத்தம் வேண்டுமா, வேண்டாமா என்று பள்ளிவாசல்களிலும் கூட்ட மண்டபங்களிலும் முழங்கும் ஆடவர்கள், முழங்குமுன் இந்த நாவலை ஒருமுறை படித்தால் என்ன?

லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். காட்டுக் கிராமமொன்றைப் பற்றி அவர் 1913 இல் வெளியிட்ட ஆங்கில நாவலை விவசாயிகளுக்கு யாரேனும் வாசித்துச் சொல்லவேண்டும். சேனைக்கு அனுமதிச்சீட்டை மறுத்தே ஏழையின் கழுத்தை நெரிக்கிறான் ஊர்த்தலைவன். பின்னர் கடன்கொடுத்த முதலாளியுடன் கூடிப் பபுன் என்பவன்மீது பொய்த் திருட்டு வழக்கொன்றைச் சோடிக்கிறான். மன்றில் நடப்பது ஆங்கிலத்தில்; பபுனுக்கு ஒன்றும் புரியவில்லை. நீதவானுக்கு உள்ளூர ஐயமுண்டு. எனினும் சாட்சியம் ஒட்டிவருவதால் தண்டித்துவிடுகிறார். விசாரித்து முடித்த வழக்கை, விசாரித்தவர்களுள் ஒருவரே நாவலில் மேன்முறையீடு செய்ததுபோல் இருக்கிறது.

மன்றின் மொழி இன்றும் எனக்கு உறுத்தலே. சாட்சி தன் ஊர்ப்பேச்சில் ஐந்து நிமிடம் அழுது சொன்னது, மொழிபெயர்ந்து ஏட்டிலேறும்போது ஒரு வரியாய் வற்றிவிடும். விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' (2011) அந்த ஐந்து நிமிடத்தையும் முழுதாய்க் காத்துத் தருகிறது. அக்கரைப்பற்று மண்ணில் பிறந்து இலண்டனில் வாழும் இவர், சந்தையில் தோளுரசி வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் எண்பதுகளில் எவ்வாறு பிரிந்தார்கள் என்பதை அவ்வூர்ப் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். பேச்சுவழக்கு விளங்கவில்லை என்று குறைகூறுவோர் உளர். பாத்திரங்கள் பலராதலால் யார் யாருக்கு உறவு என்று கணக்குவைப்பது சிரமந்தான். பேச்சைப் பற்றிய குறையை நான் ஏற்கமாட்டேன். மதுரைத் தமிழையும் நாஞ்சில் தமிழையும் சிரமப்பட்டுப் படிக்கும் நமக்குக் கோளாவில் தமிழ் மட்டும் கசக்கிறதா?

சாய்ந்தமருது ஆர்.எம். நௌஸாத்தின் 'நட்டுமை' இக்கரையோரத்து முஸ்லிம் விவசாயிகளின் கதை. காலச்சுவடு நடத்திய சுந்தர ராமசாமி 75 நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்றது. அவருடைய 'கொல்வதெழுதுதல் 90' (2013) பள்ளிக்கூடத்துச் சொல்வதெழுதுதலை ஓரெழுத்து மாற்றத்தால் கொலைக்களமாக்கிவிடுகிறது. தொண்ணூறு என்ற அந்த எண்ணை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 12 இல் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். இடையில் ஒன்பதே நாள். முதலாவதை முஸ்லிம் வீடுகளில் ஆண்டுதோறும் நினைக்கிறோம். இரண்டாவதைத் தமிழ் வீடுகளில் நினைக்கிறார்கள். மற்றவர் வீட்டு மரணத்தைப் பற்றி ஒரு பக்கங்கூடப் படியாமல் இங்கே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் பொருட்டு ஒருபுறம் உண்ணாவிரதப் பந்தலும் மறுபுறம் எதிர்ப்புப் பந்தலும் எழுந்தபோது, இரண்டிலும் முழங்கியது ஒரே தமிழ். எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பது நிர்வாகத்தின் கேள்வி, பேச்சுவார்த்தையில் தீர்க்கலாம். எதிரில் அமர்ந்திருப்பவன் எதை இழந்தவன் என்று அறியாமல் அந்த மேசைக்குச் செல்பவர்கள் வரைபடத்தை மட்டுமே எடுத்துச் செல்கிறார்கள்.

அறுவடைக்கு முன் ஒரு நூலுக்கு மேல் படிக்க நேரமில்லை என்போர் முஸ்லிம்களாயின் 'கசகறண'த்தை எடுக்கட்டும். தமிழராயின் 'கொல்வதெழுதுதல் 90' ஐ எடுக்கட்டும். படித்து முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம். கல்முனைச் சந்தையில் இரு சாராரும் எப்படியும் நாள்தோறும் சந்திக்கிறார்கள்.