பொம்பள வண்டி என்று ஒரு வண்டி கிடையாது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரு பட்டிமன்றம் ஓடுகிறது. உறவினர் ஒருவர், வயது ஐம்பதை நெருங்குகிறது. எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறார். இடது முழங்காலில் தேய்மானம். "கியர் போடாத வண்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். வேலைக்கும் ஆக வேண்டும், லீவு நாளில் வெள்ளிமலை, திருவண்ணாமலை என்று போய்வரவும் ஆக வேண்டும். எது நல்லது?" என்று கேட்டார். வந்ததெல்லாம் கேலி. "என்ன மாமா, பொம்பள வண்டிக்கு மாறிட்டீங்களா?" என்று ஒருவர். "அப்படியே மல்லிகைப்பூவும் வாங்கிடுங்க" என்று இன்னொருவர். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேலி செய்தவர்களில் சிலர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. கிளட்ச் பிடியும் கிடையாது, கியரும் கிடையாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் போகும், விட்டால் அடங்கும். அதன் பேரப்பிள்ளையான எக்ஸ்எல் இன்றும் அப்படித்தான். நம் ஊர்ப்பக்கம் விடியற்காலையில் சாலையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் பால் கேன், பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் உர மூட்டை, கரும்பு வெட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் போகிற ஆட்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக நம் விவசாயி ஓட்டுவது கியர் இல்லாத வண்டிதான். அவரை நிறுத்தி, "இது பொம்பள வண்டிங்க" என்று சொல்லிப் பாருங்களேன். சொல்ல மாட்டீர்கள். ஏனென்றால் கேலி வண்டியைப் பற்றியது இல்லை. ஸ்கூட்டரில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள், அதுதான் உங்களுக்கு உறுத்துகிறது.

இரண்டாவது, இரட்டை வேடம். அதே குழுவில் மூன்று மாதம் முன்பு ஒரு மாப்பிள்ளை ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய படம் போட்டார். "சூப்பர் மச்சான், டிராபிக்ல காலே வலிக்காது" என்று அத்தனை பேரும் கைதட்டினீர்கள். நான்கு சக்கரத்தில் கியர் போடாவிட்டால் வசதி, இரண்டு சக்கரத்தில் போடாவிட்டால் ஆண்மைக் குறைவா? ஹோண்டா கோல்டு விங் என்று ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 1833 சிசி. நம் நாட்டில் முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல் விலை. அதில் ஏழு கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும், கிளட்ச் பிடி கிடையாது. 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கா ட்வின், காடு மேடெல்லாம் ஏறுகிற வண்டி, அதுவும் தானியங்கி கியரோடுதான் வந்தது. பணக்காரன் ஓட்டினால் தொழில்நுட்பம், ஏழை ஓட்டினால் பொம்பள வண்டி!

மூன்றாவது, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிமத்துக்கு "கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்", "கியர் உள்ள மோட்டார் சைக்கிள்" என்று இரண்டு வகை உண்டு. ஆண் வண்டி, பெண் வண்டி என்று வகை எதுவும் இல்லை.

நான்காவது, சக்தி. "கியர் வண்டியில்தான் இழுவை இருக்கும் சார்" என்றார் ஒருவர். நாட்டில் அதிகம் ஓடும் ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும் ஏறத்தாழ எட்டு குதிரைத்திறன்தான். வித்தியாசம், அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் இருக்கிறது. நூலில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டி மையவிலக்கு விசை நடத்தினேனே, நினைவிருக்கிறதா? ஸ்கூட்டருக்குள் அதுதான் வேலை செய்கிறது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட். எஞ்சின் வேகம் கூடும்போது முன் கப்பிக்குள் இருக்கும் சின்ன உருளைகள் வெளிப்பக்கம் விலகிக் கப்பியை நெருக்கும். முன்பக்கம் பெல்ட் மேலேறும், பின்பக்கம் கீழிறங்கும். நீங்கள் காலால் நான்கு படியாகச் செய்யும் வேலையை அது படியே இல்லாமல் செய்கிறது.

இனி நியாயமான மறுப்புகள். அவற்றை நான் மறைக்கப்போவதில்லை.

மைலேஜ் குறைவு, உண்மை. கியர் வண்டி லிட்டருக்கு அறுபது, ஸ்கூட்டர் நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் கால் லிட்டருக்குச் சற்று அதிகம். மாதம் 25 நாளுக்கு ஏழு லிட்டர். பெட்ரோல் விலையில் எழுநூறு ரூபாய்க்கு மேல் வரும். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் கணக்கின் அடுத்த பக்கத்தையும் எழுதுங்கள். கியர் வண்டி நிற்கும் பல வீடுகளில் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் வேலைக்குப் போகாத நாளிலும் மனைவி பேருந்துக்கு நிற்கிறாள், மகள் டியூஷனுக்கு யார் கொண்டுவிடுவது என்று காத்திருக்கிறாள், அம்மாவுக்கு மாத்திரை வாங்க இவர் தூங்கி எழ வேண்டும். கியர் இல்லாத வண்டி வந்தால், உரிமம் எடுத்த எல்லோரும் ஓட்டுநர். மாதம் எழுநூறு ரூபாய்க்கு ஒரு வீட்டின் பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர முடியும் என்றால், அது செலவா, முதலீடா?

இதை அரசாங்கமே புரிந்துகொண்டது. 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். நிபந்தனை, 125 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத அல்லது தானியங்கி கியர் வண்டி. அந்த வண்டியில் வேலைக்குப் போன பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஆண்கள், வண்டிக்குப் பட்டப்பெயர் வைத்ததோடு சரி.

அடுத்து, சக்கரம் சிறியது. இதுவும் உண்மை, இதுதான் முக்கியமான குறை. பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரம் 10 அங்குலம். ஸ்ப்ளெண்டருக்கு 18. குழியில் விழுந்தால் வித்தியாசம் முதுகெலும்புக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ் உரசிக்கொண்டு போகும்போது கைப்பிடி ஆடுவதும் தெரியும்.

ஆனால் பெரிய சக்கரமும் தானியங்கி கியரும் சேர்ந்த வண்டி நமக்கு ஏன் இல்லை? கேலி செய்தவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். ஹோண்டா 1958-இல் சூப்பர் கப் என்ற வண்டியை விட்டது. பெரிய சக்கரம், காலால் கியர், ஆனால் கிளட்ச் பிடி இல்லை. 2017-க்குள் பத்து கோடி வண்டி உற்பத்தி ஆனது. மலேசியாவில் நம் தமிழர்கள் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஓட்டும் 'கப்சாய்' அந்த வம்சம்தான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. இங்கே 1997-இல் ஹீரோ ஹோண்டா 'ஸ்ட்ரீட்' என்று அதே மாதிரி கொண்டுவந்தது. ஓடவில்லை. 2009-இல் டிவிஎஸ் 'ஜைவ்' என்று கிளட்ச் பிடி இல்லாத முழு மோட்டார் சைக்கிளையே கொண்டுவந்தது. அதுவும் ஓடவில்லை. ஓசூரில் செய்யத் தெரியாமல் இல்லை, வாங்க நமக்கு மனம் வரவில்லை. விலை உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயமும் ஒரு காரணம் என்பது என் கட்சி. சாதாரண விலையில், 17 அங்குலச் சக்கரத்தோடு, தானே கியர் மாற்றும் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் ஒன்றை நம் கடைவீதியில் இன்று காட்டுங்கள் பார்ப்போம். கேட்டால்தானே செய்வார்கள்? கேட்கிறவனைக் கேலி செய்தால் எப்படி வரும்?

சரி, கேள்வி கேட்டவருக்குப் பதில்.

1. தினசரி நெடுஞ்சாலை என்பதால் 125 சிசிக்குக் குறையாமல் பாருங்கள். இரண்டு சக்கரமும் 12 அங்குலம் இருக்கட்டும். முன்னால் டிஸ்க் பிரேக் கட்டாயம். ஜூபிடர் 125, என்டார்க் போன்றவை இந்தக் கணக்கில் வரும். இன்னும் பெரிய சக்கரம் வேண்டுமென்றால் 14 அங்குலத்தில் ஏராக்ஸ் 155 உண்டு. ஆனால் அதில் கால் வைக்கும் இடம் சமதளமாக இருக்காது, முழங்கால் வலியோடு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. டேங்க் ஐந்து, ஐந்தரை லிட்டர்தான். மலைக்குப் போகும்போது கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

3. இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டினால் பெல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அறுந்த பிறகு தள்ளிக்கொண்டு வருவதைவிட அது மலிவு.

4. வெள்ளிமலையிலிருந்து கோமுகி அணைப் பக்கம் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டாதீர்கள். ஸ்கூட்டரிலும் எஞ்சின் வேகத்தைப் பிடிக்கும், ஆனால் வேகம் மிகவும் குறைந்தால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், பிறகு எல்லாப் பாரமும் பிரேக் மேல். அப்போது ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். சூடேறிய வாசனை வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு இறங்குங்கள். கியர் இல்லாத வண்டியின் உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதை யாராவது குழுவில் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

5. வீட்டில் சார்ஜ் போடும் வசதி இருந்தால் மின்சார வண்டியையும் யோசியுங்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்கிறார்கள். பெரும்பாலான மின்சார மோட்டார் சைக்கிள்களிலும் கியரே கிடையாது. கியர் வீரர்கள் வருங்காலத்தில் என்ன செய்யப்போகிறார்களோ!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "கியர்தான் இல்லையே" என்று பத்தாம் வகுப்புப் பையன் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசி வரைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டுவது சுலபம் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

கேலி செய்த தம்பிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கு ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் வரை போகும்போது எத்தனை முறை கிளட்ச் பிடித்தீர்கள், எத்தனை முறை கியர் மிதித்தீர்கள் என்று எண்ணுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள், வருடத்துக்கு முந்நூறு நாளால் பெருக்குங்கள். அந்த எண்ணை, தேய்ந்த முழங்காலோடு இருபது வருடம் அதைச் செய்த மனிதரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அதன் பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

மறுப்பவர்கள் தாராளமாக எழுதலாம். கேலியோடு வராதீர்கள், கணக்கோடு வாருங்கள். எல்லோரும் தலைக்கவசம் போடுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.