ரிட்டயர்மென்ட் பணத்தில் தங்கம் வாங்கப் போறீங்களா? இந்த 5 தவறுகளைத் தவிர்த்துடுங்க!

பணி ஓய்வின்போது பிஎஃப், கிராஜுவிட்டி என மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். உடனே பல வீடுகளில் எழும் பேச்சு, "தங்கம் ஏறிக்கிட்டே போகுது, பேசாம நகையா வாங்கிப் போட்டுடலாம்" என்பதுதான். தங்கம் வாங்குவது தவறில்லை. ஆனால், 30 வயதில் செய்த தவறைச் சம்பளத்தை வைத்துச் சரிக்கட்டிவிடலாம். 60 வயதில் அந்த வாய்ப்பு கிடையாது. முதல்முறை முதலீடு செய்வோர் எங்கே சறுக்குகிறார்கள்?

1. நகையை முதலீடு என நினைப்பது

உதாரணத்துக்கு, 5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தங்கத்தை நகையாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். செய்கூலி, சேதாரம் 12 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 16,800 ரூபாய். மொத்தம் 5,76,800 ரூபாய். அதே விலையில் திரும்ப விற்றால் தங்கத்தின் மதிப்பான 5 லட்சம்தான் அதிகபட்சம் கிடைக்கும். அதாவது, தங்கம் விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள்.

2. மொத்தப் பணத்தையும் தங்கத்தில் போடுவது

தங்கம் மாதாமாதம் வருமானம் தராது. மளிகைக்கும் மருந்துக்கும் பணம் தேவைப்பட்டால் விற்கணும், இல்லையென்றால் அடகு வைக்கணும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் 10 லட்சம் போட்டால், 3 மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். இதனால்தான் தங்கத்தின் பங்கு 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் போதும் என்கிறார்கள் நிதி ஆலோசகர்கள் பலர்.

3. 'விலை இறங்கவே இறங்காது' என நம்புவது

2011 செப்டம்பரில் சர்வதேச சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 1,900 டாலரைத் தொட்டது. 2015 டிசம்பரில் அது சுமார் 1,050 டாலருக்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரூபாய் மதிப்பு சரிந்ததால் இந்தியாவில் அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் இங்கேயும் விலை இறங்கும். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, சென்னையில் ஒரே நாளில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது. அதனால் ஒரே நாளில் மொத்தமாக வாங்காமல், பல மாதங்களாகப் பிரித்து வாங்குவது நல்லது.

4. எதை வாங்குகிறோம் எனத் தெரியாமல் வாங்குவது

செல்போன் ஆப்களில் விற்கப்படும் 'டிஜிட்டல் கோல்டு' தங்கள் கட்டுப்பாட்டின் கீழ் வராது என 2025 நவம்பரில் செபி எச்சரித்தது. கோல்டு இடிஎஃப் செபியின் கட்டுப்பாட்டில் உள்ளது. அதில் செய்கூலி, சேதாரம் கிடையாது. ஆனால் டீமேட் கணக்கு வேண்டும். அரசின் தங்கப் பத்திரங்கள் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை. பழையவற்றைப் பங்குச்சந்தையில் வாங்கலாம். நகைக்கடை சீட்டு முடிந்ததும் பெரும்பாலும் நகைதான் கையில் கிடைக்கும், பணம் அல்ல.

5. விற்கும் நாளை யோசிக்காமல் விடுவது

ஆறு இலக்க ஹெச்யுஐடி முத்திரை இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நகையை 2 ஆண்டுகளுக்குப் பிறகும், இடிஎஃப்பை ஓராண்டுக்குப் பிறகும் விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்கு முன்பே விற்றால், லாபம் வருமானத்துடன் சேர்ந்துவிடும். டீமேட் கணக்கில் நாமினி பெயரைச் சேர்க்க மறக்காதீங்க.

அப்போ என்னதான் செய்யணும்?

முதலில் மாதச் செலவுக்கு வழி செய்யுங்கள். அடுத்து மருத்துவ அவசரத்துக்குத் தனியாக ஒரு தொகையை ஒதுக்குங்கள். இந்த இரண்டும் போக, 5 ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணத்தில் மட்டும் தங்கம் வாங்கலாம். அப்படி வாங்கினால், விலை இறங்கியிருக்கும் நேரத்தில் அவசரப்பட்டு விற்க வேண்டிய நிலை வராது.